மலையில் ஒரு கேத்தல் சுடுதண்ணீர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பைராம் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் சாமான் பட்டியல் எழுதத்தான். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னே நடந்ததைப் பின்னே எழுதினாலும் எழுதிவிடுவேன். ஆனால் ஒன்று மட்டும் மறக்கவில்லை. அந்தப் பச்சை நூல்.

என் வீட்டுக்காரர் லோரி ஓட்டினார். சொந்த லோரி, டீசல் லோரி, பழசு. எங்கள் மகளுக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது. வாரத்தில் மூன்று தடவை பினாங்குப் பாலம் தாண்டிக் கேமரன் மலைக்குப் போய்க் கோசும் தக்காளியும் செவ்வந்திப் பூவும் ஏற்றி வருவார். பகலில் மேலே போவார். சாயங்காலம் சரக்கு ஏற்றிவிட்டு லோரியிலேயே படுத்துக்கொள்வார். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் பத்து மணிக்கு ஜார்ஜ் டவுன். மாலை கட்டுகிற கடைகளுக்குப் பூவை இறக்கிவிட்டுப் பத்தரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்து காப்பி கேட்பார். பல வருஷம் அப்படித்தான் நடந்தது. அறுபத்தைந்து வயதுக்கு மேலும் ஓட்டினார்.

பிறகு பத்தரை பதினொன்றரை ஆயிற்று. பதினொன்றரை பன்னிரண்டரை ஆயிற்று. பூக்கடைக்காரர்கள் வீட்டுக்கே போன் அடித்து என்னைக் கேட்டார்கள். எனக்குப் போனில் பேசுவதென்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். "வந்துக்கிட்டு இருக்காரு" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவேன்.

ஒரு நாள் கேட்டேன்.

"ஏங்க இவ்வளவு லேட்டு?"

"மேல குளிரு. இஞ்சின் கெளம்பல."

"முன்னயும் குளிருதானே? அப்பல்லாம் கெளம்புச்சே."

"அப்ப எண்ணெய் வேற, இப்ப எண்ணெய் வேற. குளிருல உறைஞ்சி போயி நிக்குது. அந்தக் கடைக்காரம்மா மட்டும் சுடுதண்ணி குடுக்கலேன்னா மத்தியானம் வரைக்கும் அங்கேயேதான் கெடக்கணும்."

காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்ல மனுஷி" என்றும் சொன்னார்.

நாற்பது வருஷமாக என் கையால் சாப்பிடுகிறார். என்னை நல்ல மனுஷி என்று யாரிடமாவது சொல்லியிருப்பாரா, தெரியாது. என் காதில் விழுந்ததில்லை. அந்த இரண்டு சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எந்தக் கடை, என்ன வயது, புருஷன் உண்டா என்றெல்லாம் கேட்க வாய் வரை வந்தது. நான் கூச்ச சுபாவம். கேட்கவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன்.

அதற்கடுத்த வாரம்தான் அந்த நூலைப் பார்த்தேன். மலைக்கு மட்டும் போடுகிற கறுப்புக் குளிர்சட்டை ஒன்று அவரிடம் இருந்தது. துவைக்க எடுத்தேன். மேலிருந்து மூன்றாவது பொத்தான் பச்சை நூலில் தைத்திருந்தது. அவர் சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றையும் தைத்தது நான். என் பிஸ்கட் டின்னில் கறுப்பு, வெள்ளை, நீலம் மூன்று நூல்தான் உண்டு. பச்சை கிடையாது. அதுவும் எவ்வளவு அழகாகத் தைத்திருந்தது தெரியுமா? பின்பக்கம் முடிச்சே தெரியவில்லை. நான் தைத்தால் முடிச்சு பட்டாணி மாதிரி நிற்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சாமியாரிடம் சொன்னேன், என் வீட்டுக்காரர் மேல் சந்தேகப்படுகிறேன் என்று. "என்ன ஆதாரம்?" என்று கேட்டார். "பச்சை நூல், சாமி" என்றேன். தடுப்புக்கு மறுபக்கம் தொண்டையைச் செருமினார். பிறகு மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒன்றும் குறையவில்லை.

அதனால் நானே விசாரிக்க ஆரம்பித்தேன். அவர் வண்டி பார்க்கக் கொடுக்கிற பட்டறை எங்கள் ஃபிளாட்டுக்குப் பக்கத்தில்தான். பட்டறைக்காரத் தம்பிக்கு ஐம்பது வயதிருக்கும். பேரிச்சம்பழ அப்பம் சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். போன வேலையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. டயரைப் பார்த்தேன், சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்த்தேன். கடைசியில் கேட்டேன்.

"தம்பி, டீசல் குளிருல உறையுமா?"

"என்னக்கா, ஐஸ் கச்சாங் வியாபாரம் ஆரம்பிக்கப் போறீங்களா?"

"இல்ல தம்பி. அவரு சொன்னாரு."

"அண்ணே சொல்றது சரிதான். இப்பல்லாம் டீசல்ல செம்பன எண்ணெய் கலக்குறாங்கக்கா. பினாங்குல ஒண்ணும் பண்ணாது. இங்க ஊத்திக்கிட்டு மேல போயி ராத்திரி முழுக்க நிறுத்துனா, விடியக்காலையில ஃபில்டர்ல கொழகொழன்னு நிக்கும். மலையில விக்கிற எண்ணெய்ல கலப்பு கம்மி. அங்க ஊத்துங்கண்ணேன்னா கேக்க மாட்டாரு லா, நம்ம அண்ணே."

நான் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். பாமாயில் எடுக்கிற அந்தப் பழம் எப்படி இருக்கும், எண்ணெய் எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லவேண்டியதில்லை. மழைக்காலத்தில் சமையல் எண்ணெய் பாக்கெட்டின் அடியில் வெள்ளையாகத் தங்குவதையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அவருக்குச் சாதகமாகப் பேசுகிறான், ஆம்பளைக்கு ஆம்பளை விட்டுக்கொடுக்க மாட்டான் என்று தோன்றியது. அதனால் லோரியில் ஊற்றுகிற அதே டீசல் கொஞ்சம் வேண்டுமென்று கேட்டேன். எறும்புக்கு என்று பொய் சொன்னேன். கொடுத்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய சிரப்பு போத்தலில் ஊற்றி, அவர் மலைக்குப் போன அன்று சாயங்காலம் ஐஸ் பெட்டியில் வைத்தேன். தோசை மாவுக்குப் பின்னால்.

காலையில் எடுத்துப் பார்த்தேன். தெளிவாக இருந்த எண்ணெய் கஞ்சித்தண்ணி மாதிரிக் கலங்கி, அடியில் மெழுகுபோலப் படிந்திருந்தது. அவர் சொன்னது உண்மை. மற்றவள் என்றால் சந்தோஷப்பட்டிருப்பாள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் நடந்தது.

மூடி சரியாக இறுகவில்லை போலிருக்கிறது. ஐஸ் பெட்டி முழுவதும் டீசல் வாடை. மாவை அப்படியே கொட்டினேன். மதியம் அவர் வந்து தண்ணீர் எடுக்கத் திறந்தவர், "என்னம்மா, ஐஸ் பெட்டிக்குள்ள லோரிய நிறுத்தி வச்சிருக்கியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றும் அவர் வந்தது பன்னிரண்டரைக்கு.

மறுபடியும் பட்டறைக்குப் போனேன்.

"சுடுதண்ணி ஊத்துனா எவ்வளவு நேரத்துல கெளம்பும், தம்பி?"

"பத்து நிமிஷம். மிஞ்சிப் போனா அரை மணி. அண்ணே லோரியில ஹீட்டர் பிளக்கும் போன வருஷம்தான் மாத்துனேன். அதுக்கு மேல ஆகாது."

அரை மணி. அவர் தாமதமாக வருவதோ இரண்டு மணி நேரம். மீதி ஒன்றரை மணி நேரம் அவர் எங்கே இருக்கிறார்? எனக்குக் கணக்கு வராது, ஆனால் இந்தக் கணக்கு வந்தது. படுத்தாலும் அந்த ஒன்றரை மணி நேரம்தான் கண்முன் நின்றது. கடை, புகை, குளிர், ஒரு பெண்பிள்ளை கையில் ஊசியும் பச்சை நூலும்.

"நானும் ஒரு தடவை மலைக்கு வரேன்" என்றேன்.

"ஒனக்குக் குளிரு ஆகாதே?"

"ஆகும்."

அவர் கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்தது. அந்த யோசனையையும் நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

போனோம். காய்கறி ஏற்றுகிற கொட்டகைக்குப் பக்கத்தில் தேநீரும் ரொட்டியும் விற்கிற சின்ன ஒட்டுக்கடை. அவர் சொன்ன கடைக்காரம்மா வெளியே வந்தாள். என்னைவிடப் பத்து வயது குறைவு. கம்பளிச் சட்டை, பூப்போட்ட சாரம், காலுறை போட்டுக்கொண்டு அதன்மேல் ஜப்பான் சிலிப்பர். சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழுந்தது. புருஷன் போய்ப் பல வருஷமாம். அதைக் கேட்காமலே சொன்னாள்.

"வாங்கக்கா, வாங்க! இப்பத்தான் அண்ணே கண்ணு தொறந்து உங்களக் கூட்டிக்கிட்டு வந்தாரா?"

அண்ணே. எல்லாரும்தான் அண்ணே என்கிறார்கள். இருந்தாலும் அவள் சொன்னது எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. அவள் கொடுத்த தேநீரில் இஞ்சி போட்டிருந்தாள். நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று அவள் கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் என்னைப் படுக்கச் சொன்னாள். அவர் வழக்கம்போல லோரியில். விடியற்காலை ஐந்தரைக்கு முழிப்பு வந்தது. அவள் அடுப்பில் பெரிய அலுமினியக் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் பின்புறம் போயிருந்தாள். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் வீட்டுக்காரர் லோரிக்கு நானே தண்ணீர் ஊற்றினால் என்ன? இனிமேல் அவள் ஊற்றத் தேவையில்லை என்று அவருக்குக் காட்டினால் என்ன? கேத்தலைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.

அப்படிப்பட்ட பனியை நான் பார்த்ததில்லை. விளக்குக் கம்பம் தெரிந்தது, அதன் அடிப்பாகம் தெரியவில்லை. மற்ற லோரிக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். டீசல் வண்டி குளிரில் எப்படி முழிக்கும் என்று அன்றுதான் கேட்டேன். முதலில் சாவியைப் பாதி திருப்பிச் சும்மா காத்திருக்கிறார்கள். உள்ளே கம்பி சூடேறவேண்டுமாம். பிறகு முழுக்கத் திருப்பினால் தூக்கத்தில் முனகுவதுபோல ஒரு முனகல். நின்றுவிடும். மறுபடி முனகல். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டு, டின்னில் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோலக் கடகடவென்று வண்டி முழுவதும் ஆடும். பின்னால் வெள்ளைப் புகை, கண்ணைக் கரிக்கும். கொஞ்ச நேரத்தில் புகை குறையும், சத்தமும் சீராகும். அதற்குள் முறுக்கினால் இஞ்சினுக்குக் கெடுதல் என்று பொறுமையாக நிற்கிறார்கள்.

எங்கள் லோரி முனகிக்கொண்டே இருந்தது. அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். ஃபில்டர் எங்கே என்று பட்டறைத் தம்பி எனக்குக் காட்டியிருந்தான். கதவுக்குப் பின்னால் கீழே. அடியில் கண்ணாடி மாதிரி ஒரு கிண்ணம், எண்ணெயோடு வருகிற தண்ணீர் தங்குவதற்கு. நான் குனிந்து, கொதிக்கிற தண்ணீரை அப்படியே அதன்மேல் ஊற்றினேன்.

டப் என்றது. கிண்ணம் குறுக்கே பிளந்து டீசல் என் சிலிப்பரில் ஒழுகியது.

அவர் இறங்கி வந்தார். கடைக்காரம்மாவும் ஓடி வந்தாள். அவள் கையில் மடித்த பழைய துண்டு ஒன்று இருந்தது. அப்போதுதான் புரிந்தது. துண்டைச் சுற்றிவிட்டு அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவேண்டுமாம். முதலில் வெதுவெதுப்பாக, பிறகு சூடாக.

"ஏம்மா, கண்ணாடி கிளாசுல காப்பி ஊத்துறப்போ கரண்டி போட்டுத்தானே ஊத்துற? இது மட்டும் தெரியலையா?" என்றார்.

தெரியும். எனக்குத் தெரியாததா? அந்த நேரத்தில் கிளாசும் தெரியவில்லை கரண்டியும் தெரியவில்லை. அந்தக் கேத்தல் அவள் கைக்குப் போகக்கூடாது என்பது மட்டும்தான் தெரிந்தது. பக்கத்து லோரிக்காரர் ஒருவர், "அக்கா, லோரிக்குக் காப்பி போட்டீங்களா, சீனி எவ்வளவு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். குழி விழுந்தது.

கிண்ணம் வாங்க அவர் இன்னொருவர் லோரியில் ஏறிக் கீழ் ஊருக்குப் போனார். நானும் அவளும் கடையில் தனியாக இருந்தோம். அவள் ரொட்டிக்கு மாவு பிசைந்தாள். நான் காலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஆறுதலுக்குச் சொன்னாள்:

"விடுங்கக்கா. லோரி கெளம்பியிருந்தாலும் அண்ணே இப்ப போயிருக்க மாட்டாரு. பனி வெலகணுமில்ல?"

"பனிக்கும் இவருக்கும் என்ன? மத்தவங்கல்லாம் போறாங்களே?"

"மத்தவங்களுக்குக் கண்ணு தெரியுது. அண்ணேக்கு வெளக்கு வெளிச்சம் பட்டா எல்லாம் வெள்ளையாத்தானே..."

பாதியில் நிறுத்தினாள். பிசைகிற கையும் நின்றது.

"உங்களுக்குத் தெரியாதாக்கா?"

தெரியாது. என்னோடு ஒரே வீட்டில் இருக்கிற மனிதருக்குக் கண் மறைக்கிறது, எனக்குத் தெரியாது. மலையில் ரொட்டி போடுகிறவளுக்குத் தெரியும். ஏறக்குறைய ஒரு வருஷமாகத் தெரியும். லோரியை அரை மணியில் கிளப்பிவிட்டு, மீதி நேரம் முழுவதும் கடை வாசல் பெஞ்சியில் உட்கார்ந்து பனி விலகக் காத்திருப்பாராம். பேசுவாராம். என்ன பேசுவார் என்று கேட்டேன். "சும்மா லா. பயமா இருக்கும்மா, வளைவுல எதிர்ல வர்றது தெரியலன்னு சொல்லுவாரு" என்றாள்.

பயமாக இருக்கிறது என்று அவர் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அவருக்குப் பயம் வரும் என்பதே எனக்குத் தெரியாது. வேறு விஷயமாக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு அழுதிருப்பேன். இதற்கு எப்படிச் சண்டை போடுவது? அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பில்லாதவள்மேல் பொறாமைப்படுவதுபோலக் கஷ்டம் வேறில்லை.

"அந்தப் பச்ச நூலு?" என்று கேட்டேன். எப்படி வாயில் வந்ததோ.

"எந்தப் பச்ச நூலு?" பிறகு ஞாபகம் வந்து சிரித்தாள். "பட்டனு தேத்தண்ணியில விழுந்துடுச்சுக்கா. கையில கெடச்ச நூல்ல தச்சேன். அண்ணேக்கு அது பச்சன்னே தெரியாது, பாருங்க."

அவர் வந்து கிண்ணத்தை மாட்டினார். வெயில் ஏறி மலை முழுவதும் பளிச்சென்று இருந்தது. சூடு ஏறியதால் லோரி ஒரே திருப்பில் கிளம்பியது, காலையில் ஒன்றும் நடக்காததுபோல. வளைவுகளில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். கண்ணை இடுக்கி, ஸ்டீயரிங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டினார். முன்னால் அப்படி ஓட்டமாட்டார். இத்தனை நாள் பூக்கடைக்காரர் போனுக்குப் பதில் சொல்லத் தெரிந்த எனக்கு, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத் தெரியவில்லை.

மலை இறங்கி நெடுஞ்சாலை வந்த பிறகுதான் கேட்டேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் யார் சொன்னார் என்று கேட்கவில்லை.

"ஒங்கிட்ட சொன்னா லோரிய நிறுத்தச் சொல்லுவே. அந்தம்மாகிட்ட சொன்னா, அதும்பாட்டுக்கு ரொட்டி போடும்."

சரிதான். நிறுத்தச் சொன்னேன். பாலம் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். கண்புரையாம். அடுத்த மாதம் பொது மருத்துவமனையில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன், பிறகு மறு கண்ணுக்கு. லோரியைப் பத்து காவான் என்கிற ஊர்ப் பக்கம் ஒருவர் விலைக்கு எடுத்துக்கொண்டு போனார். அங்கே கீழேயே ஓடுகிறதாம், மலை ஏறுவதில்லை. குளிர் இல்லாததால் ஒரே திருப்பில் கிளம்புமாம்.

கட்டு பிரித்த வாரம் அலமாரியைத் துழாவியவர் அந்தக் குளிர்சட்டையை வெளியே எடுத்தார். "இதென்ன, பச்ச நூலு? கறுப்புன்னுல்ல நெனச்சேன்" என்றார். எனக்கு மனசில் கொஞ்சம் காற்று வந்தது. உடனே வாங்கி, பொத்தானை வெட்டி எடுத்து, கறுப்பு நூலில் தைத்தேன். முடிச்சு பட்டாணி மாதிரிதான் நின்றது. நிற்கட்டும்.

இப்போது அவர் காலை முழுவதும் வீட்டில்தான் இருக்கிறார். ஆறு மணிக்கு இஞ்சி போட்டுத் தேநீர் வைத்துக்கொடுத்து, எதிரே உட்காருகிறேன். பேசுவார் என்று பார்க்கிறேன். நாளிதழ் படிக்கிறார். கண் நன்றாகத் தெரிகிறதல்லவா? ஒரு நாள் மட்டும், மழை பெய்து எதிர் ஃபிளாட் மறைந்தபோது, "மேல இப்ப நல்ல பனி இருக்கும்" என்றார். "பயமா இருக்கா?" என்று கேட்டேன். "வீட்டுல உக்காந்துக்கிட்டு என்ன பயம்?" என்று பக்கத்தைத் திருப்பினார். அந்த ஒன்றரை மணி நேரம் அந்தப் பெஞ்சியிலேயே இருக்கிறது. எனக்கு வரவில்லை.

எனக்குத் தெரிந்தவரை இதுதான். டீசல் வண்டி விஷயத்தில் தப்பாக எழுதியிருந்தால், கம்பி சூடேறுவது முதலிலா, தண்ணீர் ஊற்றுவது முதலிலா, கிண்ணம் கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்பதையெல்லாம் விவரம் தெரிந்த யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். பட்டறைத் தம்பியைக் கேட்கலாம். மற்ற லோரிக்காரர்களைக் கேட்கலாம். என் வீட்டுக்காரரையே கேட்டாலும் சரி. அந்தக் கடைக்காரம்மாவிடம் மட்டும் கேட்க வேண்டாம். அவளுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கும்.